மேனேஜருக்குச் செய்த கால்

“வீட்டுக்குள்ள செருப்புப் போட்டு நடப்பீகளாண்ணே?”

கால் போன பிறகு என்னிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. மற்றவர்களுக்கெல்லாம் எப்படிப் போனது என்பதுதான் தெரிய வேண்டும். கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள்ளேயே உச்சுக்கொட்டுவதற்காக வாயைக் குவித்து வைத்துக்கொள்வார்கள். இந்த மனிதர் உச்சுக்கொட்டவில்லை. காதில் ஒரு நீலப் பென்சில், மடியில் ஒரு நீள நோட்டு, சட்டையெல்லாம் வெள்ளைப் பொடி. காளவாசலில் ஒரு சந்துக்குள், வெல்டிங் கடைக்கும் சோபா தைக்கிற கடைக்கும் நடுவில் அவருடைய பட்டறை. செயற்கைக் கால் செய்கிறவர். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் அவரைக் கால் மாஸ்டர் என்பார்கள். என் வயதுதான் இருக்கும், நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு. சுவர் முழுக்கக் கால்கள் தொங்கின. நீளம், குட்டை, விரல் வைத்தது, வைக்காதது. நான் போய் உட்கார்ந்ததும் அவற்றை எண்ண ஆரம்பித்தேன். பதினொன்று வரை வந்தபோதுதான் இந்தக் கேள்வி வந்தது.

எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் படிக்கிறவர்கள் கடைசிவரை அதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். நான் பரோட்டா மாஸ்டர். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. இதையுமே நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். நான் பேசுகிற பேச்சை அப்படியே போட்டால் அச்சில் ஏறாது என்று சலவை செய்து, கஞ்சி போட்டு எழுதுகிறாள். அன்றைக்குக் கடைக்கு மைதா மூட்டை ஏற்றிவந்த மினி லாரி பின்னால் வந்தது. “வா, வா, இன்னும் வா” என்று கை காட்டியது வேறு யாருமில்லை, நான்தான். அதே நேரத்தில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரை ஏதோ நக்கல் செய்துகொண்டிருந்தேன். அதை முடிக்கிற அவசரத்தில் லாரிக்குப் ‘போதும்’ சொல்ல மறந்துவிட்டேன். டிரைவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. சொன்னபடி கேட்ட மனிதர். இடது காலில் முட்டிக்குக் கீழே ஒரு சாண் விட்டு மிச்சத்தை ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். அந்த நக்கல் என்னவென்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை. காலைக் கொடுத்து வாங்கியது, நல்ல நக்கலாகத்தான் இருந்திருக்கும்.

கடை முதலாளி ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை வந்தார். இரண்டாவது தடவை ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு கெடுவையும் வைத்துவிட்டுப் போனார். “சித்திரைத் திருவிழாக் கொடியேத்தம் வரைக்கும் ஒன் எடத்த வச்சிருப்பேன் மாப்ள. அதுக்கப்புறம் ஊரே தெரண்டு வரும். கல்லுல ஆள் நிக்கலேன்னா கடைய நான் சாத்தணும்.” அவர் சொன்னதில் தப்பில்லை. அழகர் ஆற்றில் இறங்குகிற நாட்களில் எங்கள் கடையில் தோசைக்கல் ஆறவே ஆறாது. எனக்கோ அந்தக் கல் முன்னால் நிற்பதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் தெரியாது. ஆக, கொடி ஏறுவதற்குள் இரண்டு காலில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

இதற்கிடையில் ஒரு பெரிய புத்திசாலி குறுக்கே வந்தார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர். பஸ் மோதி வலது காலை இழந்தவர். “நின்னு செய்யுற வேலைன்னு சொல்லிறாதீங்கண்ணே. சொன்னா கால் குடுக்க மாட்டாக. உக்காந்து செய்யுற வேலைன்னு சொல்லுங்க” என்று எனக்கு ரகசியமாக ஓதினார். அவர் அதுவரை ஒரு செயற்கைக் காலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் எனக்கு அவர் பேச்சு வேதம்போலத் தோன்றியது. டாக்டர் சொன்னால் நூறு சந்தேகம் கேட்பேன். பக்கத்துக் கட்டில்காரர் சொன்னால் அப்படியே நம்புவேன். என் மூளையின் அமைப்பு அப்படி.

எனவே கால் மாஸ்டர் நோட்டைத் திறந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என்ன வேலை என்றார். “ஓட்டல் மேனேஜர்” என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். கே.கே. நகரில் மூன்று வீடுகளில் சமையல் செய்கிறவள். ஒரு மேனேஜர் எப்படி இருப்பார் என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்குள் செருப்பா என்றார். “ஷூவே போடுவேன்.” சாப்பிடுவது எங்கே? “டேபிள்ல.” தரையில் சம்மணம் போட்டு உட்கார்வதுண்டா? “பழக்கம் விட்டுப்போச்சு.” கக்கூஸ் எப்படி? “வெஸ்டர்ன்.” எங்கள் வளவில் ஆறு குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ், குந்தி உட்காருகிறது. அதற்கும் மேனேஜர் பட்டம் கொடுத்துவிட்டேன். பஸ் ஏறும்போது எந்தக் காலை முதலில் வைப்பீர்கள் என்றார். அதில்கூட விடவில்லை. “ஆட்டோலதான் போவேன்” என்றேன். தூங்கும்போது ஒருக்களித்தா, மல்லாந்தா என்று கேட்டார். அது ஒன்றுக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். மேனேஜர்கள் எப்படித் தூங்குவார்கள் என்று தெரியாததால்.

அவர் கேட்ட ஒவ்வொன்றும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காலைப் பார்க்காமல், காலைச் சுற்றி இருக்கிற எல்லாவற்றையும் கேட்கிறாரே! வீட்டு வாசற்படி எத்தனை விரல் உயரம், தண்ணீர்க் குடத்தை எந்த இடுப்பில் வைப்பேன், சைக்கிளில் எந்தப் பக்கம் கால் ஊன்றுவேன், கோபம் வந்தால் எதையாவது உதைப்பேனா என்றுகூடக் கேட்டார். “உதைச்சுத்தான் பழக்கம்ண்ணே, இனிமே யோசிச்சு உதைக்கணும்” என்றேன். அவர் சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு அச்சு எடுத்தார். மிச்சக் காலில் மெல்லிய துணி உறையைப் போட்டு, எலும்பு துருத்தும் இடங்களில் நீலப் பென்சிலால் வட்டம் போட்டார். அந்த மை மாவுக்கட்டின் உள்பக்கம் பதிந்து, எங்கே அழுத்தக் கூடாது என்று காட்டுமாம். பேசினில், எலும்பு முறிந்தால் கட்டுப் போடுகிற வெள்ளை மாவைக் கொட்டித் தண்ணீர் ஊற்றி, துணிப்பட்டையை முக்கினார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “தண்ணி ஒரு கை கூடிருச்சு மாஸ்டர். எறுகுறதுக்கு நேரமாகும்” என்றேன். அவர் கையை எடுக்காமல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்புறம் பேசினைப் பார்த்தார். ஒரு பிடி மாவை மேலே தூவிக் கலந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது வீட்டுக்காரி கேட்டாள். “எப்ப மேனேஜரானீக? ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லல.”

“ரெண்டு நாளாச்சு.”

“சம்பளம் கூட்டிருப்பாகளே.”

பஸ் வந்தது. கக்கத்துக் கட்டைகளை அவளிடம் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறினேன். ஆட்டோவில் மட்டுமே போகிற மேனேஜர்.

அந்தப் பட்டறைக்கு நான் நாலைந்து தடவை போக வேண்டியிருந்தது. போகப் போக எனக்கு ஒரே ஒரு சந்தேகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. மாஸ்டருக்கு இரண்டும் சொந்தக் கால்தானா? அவர் எப்போதும் முழுப் பேண்ட், முழு ஷூ. நடையில் ஒன்றும் தெரியாது. ஆனால் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறவருக்கு உள்ளே ஏதாவது இருக்குமே என்று என் மண்டை குடைந்தது. அவர் குனியும்போது பேண்ட் மடிப்பைப் பார்ப்பேன். மாடிப்படி ஏறும்போது சத்தத்தைக் கேட்பேன். ஒருநாள் பொறுக்க மாட்டாமல், கட்டையைக் கீழே வைப்பதுபோல அதன் முனையை அவர் வலது பாதத்தின் மேல் ஊன்றினேன். “ஆத்தா” என்று துள்ளினார். சரி, வலது உண்மை. இடதுக்குக் கட்டையை நகர்த்துவதற்குள் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டும் பெறந்தப்ப வந்ததுதாண்ணே. கேட்டாச் சொல்லப் போறேன். இதுக்குப் போயி மிதிக்கணுமா?”

அப்போதுதான் ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அட்டை போய், தையல் நூல் வெளியே தெரிந்தது. மரத்தைக் குடைந்து கால் செய்த ஆரம்பகாலத்து வெளிநாட்டு ஆட்கள் போட்ட புத்தகமாம். பாதி விளம்பரம், பாதி புத்திமதி. தோல் வார் பட்டையால் தொடையில் கட்டுகிற கால்களின் படம் போட்டிருந்தது. ஒரு படத்தில் கோட்டுப் போட்ட ஒரு ஆள் மரக்காலோடு ஏணியில் ஏறுகிறார். எனக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் படம் தெரியும். அந்த ஏணிக்காரரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் கால் செய்தவர்களில் பல பேர் காலை இழந்தவர்களேதான் என்றார் மாஸ்டர். யாரோ செய்து கொடுத்தது பிடிக்காமல், தாங்களே உட்கார்ந்து ஒன்றைச் செதுக்கி, அது நன்றாக இருக்கவே மற்றவர்களுக்கும் செய்ய ஆரம்பித்தவர்கள். அவர்கள் சொன்ன புத்திமதிகளை அவர் எனக்கு வாசித்துச் சொன்னார். முதல் நாளே நாள் முழுக்கப் போடாதே. இரண்டு நாற்காலிக்கு நடுவே நின்று பழகு. பாதத்தைப் பார்க்காதே, எதிர்ச் சுவரைப் பார். உறையைத் தினமும் துவை. பூட்ஸின் குதிகால் உயரத்தை மாற்றாதே. மிச்சக் காலைச் சாயங்காலம் தவறாமல் பார், கண்ணுக்குத் தெரியாத இடத்தைக் கண்ணாடி பிடித்துப் பார். எங்கேயோ கடல் தாண்டி, எப்போதோ செத்துப்போன ஒருவர் என் காலைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்கிறாரே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. நானே அவ்வளவு யோசிக்கவில்லை.

கால் வந்தது. அழகான கால். ஷூ போட்டு நடந்தால் வெல்டிங் கடைக்காரர்கூட எது எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. “இந்த ஷூவோட ஒசரத்துக்குத்தான் இது நிக்கும். வெறுங்காலா நடந்தீகன்னா கால் பின்னாடி சாயும், முட்டி தாங்காது. நீங்கதான் எப்பவும் ஷூ போடுறவராச்சே” என்றார் மாஸ்டர். நான் மேனேஜர் மாதிரித் தலையை ஆட்டினேன்.

வீட்டு வாசலில் வீட்டுக்காரி மறித்தாள். “சாமி படம் இருக்குற வீட்டுக்குள்ள ஷூவோடயா வாரீக?” கழற்றினேன். கழற்றியதும் வீட்டின் தரையே மேடாகிவிட்டது. ஒரே அறை வீடு. வாசலிலிருந்து அடுப்புக்குப் போவது அழகர்கோவில் மலை ஏறுவதுபோல இருந்தது. முட்டி பின்பக்கமாக வளைந்து வளைந்து போனது. சாப்பிடச் சம்மணம் போட்டால் இடது பாதம் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. குந்தி உட்காருவதைப் பற்றி எழுத வேண்டாம் என்று மகள் சொல்கிறாள்.

இருந்தாலும் கடைக்குப் போனேன். முதலாளிக்கு வாயெல்லாம் பல். கல் இருக்கும் இடத்தில் எப்போதும் எண்ணெயும் தண்ணீரும் கிடக்கும். ஷூ வழுக்கியது. அதனால் பழைய வழக்கப்படி வெறுங்காலோடு நின்றேன். பரோட்டா வீசுகிறவன் ஒரே இடத்தில் நிற்கிறான் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. மாவை வீசி அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் உடம்பு வலதிலிருந்து இடதுக்குப் போய்த் திரும்பும். மூன்று நாள் அப்படி அடித்தேன். முதல் நாள் எரிச்சல். இரண்டாவது நாள் முட்டிச் சில்லுக்குக் கீழே ஏதோ கடித்தது. மூன்றாவது நாள் உறையைக் கழற்றினால் அது தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடி பிடித்துப் பார்க்கச் சொன்னார்களே, நான் அதை மீசையைப் பார்க்க மட்டும் பயன்படுத்தினேன். பார்த்தால்தானே புண் இருக்கும்.

வீட்டுக்காரி உறையைத் துவைக்கப் போட்டபோது கண்டுபிடித்தாள். அதில் ரத்தமும் சீழும் இருந்தது. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, புண் எலும்புக்குப் போனால் முட்டிக்கு மேலே எடுக்க வேண்டிவரும் என்றார். முட்டி போனால் என்ன ஆகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. முட்டி இருக்கிறவன் ஓடக்கூடச் செய்யலாம், முட்டி இல்லாதவன் நிற்பதற்கே படிக்க வேண்டும் என்றார். எனக்குப் படிப்பு வராது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பயந்தேன். கொடியேற்றத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அங்கிருந்து நேராகக் கால் மாஸ்டரிடம் கூட்டிப்போனாள். அவர் புண்ணைப் பார்த்தார். காலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கணுக்கால் இடுக்கில் நகத்தை விட்டுச் சுரண்டினார். வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. அதை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

“மேனேஜர் சார், ஒங்க ஓட்டல்ல கல்லாப்பெட்டிக்குள்ளயா மைதா பெசைவீக?”

நான் சுவரில் தொங்கிய கால்களை மறுபடி எண்ண ஆரம்பித்தேன்.

“பரோட்டா மாஸ்டர்ங்க இவரு” என்றாள் வீட்டுக்காரி. “ஷூவும் இல்ல, டேபிளும் இல்ல. எங்க வீட்ல இருக்குற ஒரே டேபிள் ஃபேன்தான்.”

மாஸ்டர் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குப் பழக்கமானது, ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவேன். அவர் அந்தக் காலை மடியில் வைத்து, இடுக்கில் மிச்சமிருந்த மாவைத் துடைத்தார்.

“தண்ணி கூடிருச்சுன்னு சொன்னீகளே, அன்னைக்கே கேட்டிருக்கணும். ஏந் தப்புத்தான்” என்றார். பிறகு, “இந்தக் கால்ல ஒரு கொறையும் இல்லண்ணே. நீங்க சொன்ன மேனேஜருக்குத்தான் செஞ்சேன். அந்தாளுக்கு இது அம்சமா இருக்கும். எங்க இருக்காருன்னு தெரிஞ்சா கொண்டுபோய்க் குடுத்துருங்க.”

“நின்னு செய்யுற வேலைன்னா கால் தர மாட்டீகன்னு சொன்னாக” என்றேன்.

“யாரு?”

“பக்கத்துக் கட்டில்காரரு.”

“அவரு கால் செய்யுறவரா?”

“இல்ல. காலு போனவரு.”

அவர் பெருமூச்சு விட்டார். “அந்தப் பொஸ்தகத்துல இருக்குறவக தன் ஒடம்ப வச்சே தெரிஞ்சுக்கிட்டாக. எங்க கடிக்கும், எங்க வழுக்கும்னு அவுகளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல. எனக்கு ரெண்டு காலும் இருக்குண்ணே. இல்லாத கால் எப்படி இருக்கும்னு எனக்கு எம்புட்டு யோசிச்சாலும் தெரியாது. நீங்க சொல்றதுதான் எனக்குக் கண்ணு.” பிறகு, “அவுகளுக்கும் ஒண்ணு தெரியல. பூட்ஸு ஒசரத்த மாத்தாதன்னு எழுதி வச்சுட்டுப் போயிட்டாக. வாசப்படில செருப்பக் கழட்டுற ஊர அவுக பாத்ததில்ல. என்கிட்ட மொதல்ல வந்த ஆளுக நெறைய பேரு வீட்டுக்குள்ள போயித்தான் விழுந்தாக. அதான் நான் அந்தக் கேள்விய மொதல்ல கேக்குறது” என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எத்தனையோ முதலாளிகளிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், பாட்டி இறந்துவிட்டாள் என்று மட்டும் ஐந்து தடவை. ஒன்றும் உறுத்தியதில்லை. இது உறுத்தியது. அந்த மனிதர் என் பொய்யின் ஒவ்வொரு சொல்லையும் கவனமாக எழுதி, இழைத்து, தேய்த்து, பளபளப்பாக்கிக் கையில் கொடுத்திருந்தார்.

நோட்டில் புதிய பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தோம். இந்தத் தடவை பாதிக்குமேல் வீட்டுக்காரியே பதில் சொன்னாள். பரோட்டா அடிக்கும்போது எந்தக் காலில் பாரம் இருக்கும் என்று கேட்டபோது இரண்டு பேருமே முழித்தோம். இருபது வருஷமாக அடிக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. கையைத்தானே பார்த்திருக்கிறேன். “நாளைக்கு மாவு பெசைஞ்சு கொண்டாங்க” என்றார்.

மறுநாள் ஒரு சட்டி நிறைய மாவு உருண்டைகள், எண்ணெயில் ஊறியபடி, கால் பட்டறைக்குப் போயின. அச்சு வார்க்கிற மேடையைத் துடைத்துச் சுத்தமாக்கி, மேலே ஒரு தகரத்தைப் போட்டு வைத்திருந்தார். புண் இருப்பதால் கால் போட முடியாது. இடுப்பை மேடையில் சாய்த்து, இடது பிட்டத்துக்கு அடியில் ஒரு உயர ஸ்டூலை வைத்து, ஒற்றைக் காலில் நின்றேன். மாஸ்டர் தரையில் உட்கார்ந்தார். மேலே என்ன நடக்கிறது என்று அவர் பார்க்கவே இல்லை. நான் மாவைத் தட்டி, விரித்து, தூக்கி வீசினேன். வெல்டிங் கடை ஆட்கள் வந்து வாசலில் நின்றுவிட்டார்கள். “மாஸ்டர், கால் பட்டறையா, பரோட்டாக் கடையா? எனக்கு ரெண்டு கொத்து” என்றார் ஒருவர்.

“பேசாம இருய்யா” என்றார் கால் மாஸ்டர் தரையிலிருந்து.

எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் என் மிச்சக் கால் காற்றில் ஒரு சின்னத் திருப்பம் திரும்பியது. கீழே பாதம் இல்லை. ஆனாலும் அது பாதத்தை ஊன்றி, குதிகாலைத் தூக்கி, விரலில் சுழன்றது. அந்தத் தரையின் குளிர்ச்சிகூட எனக்குத் தெரிந்தது. மாஸ்டர் தன் உள்ளங்கையை விரித்து, மிச்சக் காலின் அடியில், தொட்டும் தொடாமலும் வைத்தார். “அடிங்க” என்றார். அடித்தேன். “இன்னொண்ணு.” அடித்தேன். கண்ணை மூடிக்கொண்டார். மாவு உருண்டைகள் தீரும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. என் வீட்டுக்காரிகூட அவ்வளவு நேரம் அதைத் தொட்டதில்லை. நானே தொட்டதில்லை.

“இந்தத் திருப்பத்த ரப்பர் பாதம் திரும்பாது” என்றார் எழுந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு. “இது திரும்பாம நின்னா, மிச்சக் கால் ஒக்காருற கிண்ணத்துக்குள்ள ஒங்க தோல்தான் திரும்பும். அதான் உரிச்சிருச்சு. கால மட்டும் மாத்திப் பத்தாது மாஸ்டர். கடையையும் பாக்கணும்.” அதற்குப் பிறகு அவர் என்னை மேனேஜர் என்று கூப்பிடவில்லை.

கடைக்கு வந்தார். தரையில் தண்ணீர் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார். கல்லின் உயரத்தை அளந்தார். மாவு அடிக்கிற மேடையைத் திருப்பிப் போடச் சொன்னார், சுழல்கிற வேலை வலது காலுக்குப் போகும்படி. முதலாளி என்னைத் தனியாக இழுத்தார். “கால் செய்யச் சொன்னா கடையையே திருப்புறாரு. யாருய்யா இந்தாளு?” ஆனாலும் திருப்பினார். இருபது வருஷப் பழக்கத்தைத் திருப்பிப் போடுவது மேடையைத் திருப்புவதுபோல இல்லை. கால் இல்லாத அந்த நாட்களில் கக்கத்துக் கட்டையோடு போய் நின்று, மாவை மறுபக்கம் வீசிப் பழகினேன். பாதி பரோட்டா தரைக்குப் போனது. பக்கத்துக் கடை நாய் ஒரு சுற்றுப் பெருத்தது.

புண் ஆறுகிற வேகத்தை யாராலும் திருப்ப முடியவில்லை. தினமும் சாயங்காலம் வீட்டுக்காரி கண்ணாடியைப் பிடித்தாள், நான் பார்த்தேன். மீசை வேண்டாம், முட்டிக்குக் கீழே. சிவப்பு, பிறகு வெளிர் சிவப்பு, பிறகு ஓரத்தில் புதுத் தோல். முதலாளி புண்ணைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. ஆனால் யாரோ ஒரு புதுப் பரோட்டா மாஸ்டரைக் கூட்டிவந்து பேசிக்கொண்டிருந்தார் என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார். இரண்டாவது கால் கொடியேற்றத்துக்கு ஐந்து நாள் முன்னால் வந்தது. பழசைப்போல அழகில்லை. பழுப்பு ரப்பர் பாதம், விரல்கள் கோடு போட்டதுபோல. ஆனால் வெறுங்காலுக்கென்றே செய்தது. வீட்டுக்குள் போனேன். தரை தரையாக இருந்தது.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு இப்போது நான் நிற்பது நான்காவது காலில். கால் மாஸ்டர் மகள் வீட்டோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். போன தடவை கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் அளவு எடுத்தார்கள். மாவும் இல்லை, பென்சிலும் இல்லை. ஒரு பெண் கைக்கடக்கமான மெஷினைக் காலைச் சுற்றிக் காட்டினாள், கம்ப்யூட்டரில் என் மிச்சக் கால் பம்பரம்போலச் சுற்றியது. நிற்கிற வேலையா, உட்கார்கிற வேலையா என்று கேட்டுவிட்டு விரலால் ஒரு கட்டத்தைத் தொடப் போனாள். நான் நிறுத்தி, வாசற்படியிலிருந்து ஆரம்பித்தேன். கக்கூஸ் வரைக்கும் சொன்னேன். “இதுக்கெல்லாம் இதுல கட்டம் இல்ல அங்கிள்” என்றாள். இருந்தாலும் ஒரு சீட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். அந்தக் கால்தான் இதுவரை போட்டதிலேயே லேசான கால். அதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் கால் மாஸ்டரை நினைத்தால் எனக்குக் கொடியேறிய அன்றைய சாயங்காலம்தான் வருகிறது. கடையில் உட்கார இடமில்லை. முதலாளி கல்லாவில் இருந்தபடி என்னையும், வாசலில் நின்றுகொண்டிருந்த அந்தப் புது மாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவேளை நான் விழுந்தால் என்று வரச்சொல்லியிருக்கிறார். கால் மாஸ்டரும் வந்தார். கல்லுக்கு நேர் எதிரே உள்ள பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்து இரண்டு பரோட்டா சொன்னார். இலை வந்தது. அவர் இலையைப் பார்க்கவில்லை. மேடைக்கு அடியில் என் பாதங்களைப் பார்த்துக்கொண்டே கையால் தடவிப் பிய்த்துச் சாப்பிட்டார். சால்னா சட்டையில் சொட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், கீழே ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து, தானும் குனிந்து தேடினார். எனக்கு முட்டிக்குக் கீழே சூடு ஏறியது. அது வியர்வையா, புண்ணா என்று தெரியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் உள்ளே காது கொடுத்துக் கேட்டேன். கால் மாஸ்டர் இன்னும் இரண்டு வாங்கினார். இன்னும் கீழேதான் பார்த்தார்.

பிறகு ஒரு வேன் நிறைய ஆட்கள் இறங்கினார்கள். “நாப்பது பரோட்டா, சீக்கிரம் மாப்ள” என்று முதலாளி கத்தினார். அடித்தேன், விரித்தேன், வீசினேன், சுட்டேன், அடுக்கித் தட்டினேன். ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார், அவரை ஏதோ சொன்னேன், கடையே சிரித்தது. அடுத்த ஈடு மாவுக்குத் திரும்பும்போதுதான் கால் மாஸ்டர் ஞாபகம் வந்து பெஞ்சைப் பார்த்தேன். அவர் குனிந்து, இலையில் மட்டும் கண்ணாக, கடைசிப் பரோட்டாவை வழித்துக்கொண்டிருந்தார். வாசலில் அந்தப் புது ஆளைக் காணோம். கால் மாஸ்டர் தலையைத் தூக்காமலே இடது கையை மட்டும் உயர்த்தினார்.

“சால்னா இன்னுங் கொஞ்சம் ஊத்தச் சொல்லுங்க.”